மலையேறி வரும் வேலை: கம்போங் ராஜாவில் தொலைப்பணி வாழ்வு



'அந்தக் காலம் மலையேறிவிட்டது' என்பது நம்மவர் வழக்கு. இனித் திரும்பாது என்னும் பொருளில் அதனைச் சொல்கிறோம். கேமரன் மலையில் பிறந்தோர்க்கு இவ்வழக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கும். மலையேறிய காலம் நம் வாசலுக்குத்தானே வந்து சேர வேண்டும்! அவ்வாறு அண்மையில் மலையேறி வந்த ஒன்றைப் பற்றி இன்று பேச எண்ணினோம். அது வேலை. கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ இருக்கும் நிறுவனத்தின் வேலையைக் கம்போங் ராஜாவில், தன் பெற்றோர் வீட்டில் இருந்தபடியே ஒருவர் செய்ய முடியுமா? செய்தால் அவருடைய வாழ்வு எப்படி அமையும்? ஊருக்கும், ஊரிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கும், நம் மொழிக்கும் அதனால் என்ன நேரும்? இவையே நம் வினாக்கள்.

கம்போங் ராஜாவை நன்கு அறிந்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். ஆயினும் இவ்வுரை நூலாகி வேறிடத்தார் கைக்கும் செல்லும் என்பதால் சில சொற்கள். பகாங் மாநிலத்தின் வடமேற்கு மூலையில், பேராக் எல்லையை ஒட்டிக் கடல் மட்டத்துக்கு ஆயிரம் மீட்டருக்கும் மேலே அமைந்த சிற்றூர் இது. தாப்பாவிலிருந்து ரிங்லட், தானா ராத்தா, பிரிஞ்சாங் வழியாக ஏறிவரும் பழைய சாலையும், சிம்பாங் பூலாயிலிருந்து ஏறிவரும் புதிய சாலையும் சந்திக்கும் இடம். அருகில் புளூ வேலித் தேயிலைத் தோட்டம். சுற்றிலும் நெகிழிக் கூரையின்கீழ்க் காய்கறியும் பூவும் விளையும் சரிவுகள். தமிழர், சீனர், மலாய்க்காரர், பூர்வகுடியினர், வங்காளதேசம் முதலிய நாடுகளிலிருந்து உழைக்க வந்தோர் ஆகிய அனைவரும் ஒரே கடைத்தெருவில் பொருள் வாங்கும் ஊர்.

சொல்லும் பொருளும்

மொழி மன்றத்தின் அவை என்பதால் சொல்லிலிருந்தே தொடங்குவோம். அலுவலகம் செல்லாமல் வேறோர் இடத்திலிருந்து செய்யும் வேலையைத் 'தொலைப்பணி' என்றும், 'வீட்டிலிருந்து வேலை' என்றும் எழுதி வருகிறோம். இக்கருத்துக்கு வயது ஐம்பதுக்கு மேல். 1973-இல் அமெரிக்கப் பொறியியலறிஞர் ஜாக் நில்ஸ் இதற்கென ஓர் ஆங்கிலச் சொல்லை உருவாக்கினார். நாள்தோறும் தொழிலாளரைத் தொழிலிடத்துக்குக் கொண்டு செல்வதைவிடத் தொலைத்தொடர்பு வழியே தொழிலை அவரிடம் கொண்டு செல்லலாமே என்பது அவர் வாதம்.

தமிழில் 'தொலை' என்னும் அடிக்கு இரு பொருள்கள் உண்டு. 'தொலைவு' என்றால் தூரம். 'தொலைதல்' என்றால் காணாமற்போதல். 'தொலைப்பணி' என்று எழுதும்போது முதற்பொருளையே நாம் கொள்கிறோம். ஆனால் யாருக்குத் தொலைவு? தலைநகரில் அமர்ந்திருக்கும் மேலாளருக்குக் கம்போங் ராஜா தொலைவு. கம்போங் ராஜாவில் அமர்ந்திருக்கும் மகளுக்கோ அவளுடைய தாய் தேயிலைச் சரிவில் கூப்பிடு தூரத்தில் இருக்கிறார். ஆகவே அவளுக்கு அது அண்மைப்பணி. நிறுவனத்தின் இடத்திலிருந்து பார்த்துப் பெயரிட்டிருக்கிறோமே அன்றி வீட்டிலிருந்து பார்த்துப் பெயரிடவில்லை. சொல்லை மாற்ற வேண்டும் என்று நாம் வாதிடவில்லை. அது வழக்கில் நிலைத்துவிட்டது. ஆயின் இன்றைய உரை முழுதும் வீட்டிலிருந்து பார்த்தே அமையும்.

வேலை இருந்த இடத்துக்கு மக்கள் வந்த காலம்

1885-இல் வில்லியம் கேமரன் என்னும் நில அளவையாளர் இம்மலைப்பகுதியை அளந்து குறித்தார். அவர் பெயரே மலைக்கு நின்றது. 1925-க்குப் பின்னரே இதனைக் குளிர்வாசத் தலமாகவும் வேளாண் நிலமாகவும் ஆக்கும் முயற்சி முறையாகத் தொடங்கிற்று. 1929-இல் ஜே. ஏ. ரசல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தாப்பாவிலிருந்து சாலை ஏறி வந்தது. சாலையோடு தோட்டங்கள் வந்தன. தோட்டங்களோடு தமிழர் வந்தனர். தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து கங்காணிகள் வழியே மலாயாவுக்கு ஆள் சேர்க்கும் முறை 1938-இல் இந்திய அரசு தடை செய்யும்வரை நடந்தது.

அக்காலத்தில் வேலை ஓரிடத்தில் நிலைத்து நின்றது. மக்கள் அதனை நோக்கி நகர்த்தப்பட்டனர். தேயிலைச் செடி நகராது. கொழுந்து பறிக்கும் கை அதனிடம் சென்றே ஆக வேண்டும். ஆகவே தோட்டம் வேலையைத் தந்தது. வேலையோடு லயத்தில் வீட்டையும் தந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருக்கும் தோட்டங்களில் பள்ளி வைக்க வேண்டும் என்று பணித்ததால் பள்ளியும் வந்தது. தொழிலாளர்கள் கூடிக் கோயிலை எழுப்பினர். வேலை, வீடு, பள்ளி, கோயில் நான்கும் ஒரே வேலிக்குள் அமைந்தன. தமிழ் அந்த வேலிக்குள் தானே வாழ்ந்தது. அதனைக் காக்க மன்றம் எதுவும் தேவைப்படவில்லை.

இவ்வமைப்பில் நலம் இருந்தது போலவே ஒரு கேடும் இருந்தது. நான்கும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டிருந்தன. வேலை போனால் வீடும் போகும். நாம் பிறந்ததும் அத்தகைய லயத்தில்தான். தந்தையார் ஓய்வு பெற்றபோது வீட்டைத் திருப்பித் தர வேண்டியதாயிற்று. முப்பது ஆண்டுக்கு மேல் வாழ்ந்த வீட்டின் சாவியை அலுவலகத்தில் ஒப்படைத்துக் கையொப்பமிட்டு அவர் வெளியே வந்தபோது, நாம் லாரியின் பின்புறம் சட்டிபானைகளோடு அமர்ந்திருந்தோம். யாரையும் குறைகூற இதைச் சொல்லவில்லை. அக்காலத்து ஒழுங்கு அது. தொழிலாளர் வீடு தொழிலோடு கட்டுண்டது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இவ்வுரையின் நடுவே அது மீண்டும் வரும்.

இறங்கிச் சென்ற தலைமுறை

சாலைக்கு இரு முகம் உண்டு. சிம்பாங் பூலாய்ச் சாலை திறந்தபின் ஈப்போ அருகிலாயிற்று. காய்கறி விரைவாக இறங்கிற்று. பிள்ளைகளும் விரைவாக இறங்கினர். படித்த பிள்ளைக்கு மலையில் வேலை இல்லை என்பது பெற்றோர் அனைவரும் ஒப்புக்கொண்ட உண்மை. 'நல்லாப் படி, கீழே போ' என்பதே நம் அன்னையர் தந்த அறிவுரை. மழையில் கொழுந்து பறித்த கைகள் தம் பிள்ளைக்கு அதே கூடையை விரும்பாததில் வியப்பில்லை. அவ்வறிவுரையைக் கேட்டு இறங்கியவர்களில் நாமும் ஒருவர்.

அதன் விளைவைப் பள்ளிப் பதிவேடுகள் சொல்லும். 1957-இல் விடுதலையின்போது மலாயாவில் 888 தமிழ்ப்பள்ளிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 530. தோட்டங்கள் துண்டாடப்பட்டதும், ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் மாறியதும், மக்கள் நகர்க்குப் பெயர்ந்ததும் இதற்குக் காரணங்கள். மலையில் தேயிலை அழியவில்லை. ஆனால் பறிப்போர் மாறினர். இன்று சரிவுகளில் உழைப்போர் பலர் குடும்பத்தை விட்டுத் தனியாக வந்த அயல்நாட்டார். அவர்களுடைய பிள்ளைகள் வேறு நாட்டில் வளர்கின்றனர். தோட்டம் நிறைந்திருக்க, தோட்டப் பள்ளி மெலிகிறது.

ஆசிரியர்களே, இதனை நீங்கள் நாள்தோறும் காண்கிறீர்கள். முதலாம் ஆண்டு வகுப்பில் எத்தனை நாற்காலி போடுவது என்று ஒவ்வோர் ஆண்டுத் தொடக்கத்திலும் எண்ணுகிறீர்களே, அந்த எண்ணிக்கைதான் இன்றைய உரையின் உயிர்ப்பொருள். மொழிப்பற்று ஒரு பள்ளியைப் பெருமையோடு நடத்த உதவும். பள்ளியை நிரப்புவதோ இளங்குடும்பங்கள்.

2020: வேலை மலையேறிய ஆண்டு

2020 மார்ச் 18-ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அலுவலகங்கள் மூடின, வேலை மூடவில்லை. நகர அறைகளில் அடைபட்டுக் கிடந்த இளையோர் சிலர் வாய்ப்புக் கிட்டியபோது பெற்றோர் வீட்டுக்குத் திரும்பினர். கணக்கெழுதுவோர், வாடிக்கையாளர் ஐயங்களுக்கு விடை தருவோர், கணினி நிரல் எழுதுவோர், வடிவமைப்பாளர் முதலியோரின் வேலை அவர்களோடு மலையேறிற்று.

அவர்கள் கண்ட முதல் தடை அலைவரிசை. மலை அழகாக மடிந்து கிடப்பதால் ஒரு மடிப்பில் கிடைக்கும் தொடர்பு அடுத்த மடிப்பில் கிடைப்பதில்லை. அவ்வாண்டு சபா மாநிலத்துப் பித்தாஸ் வட்டாரத்தில் ஒரு மாணவி இணையத் தேர்வு எழுத மரத்தின்மேல் ஏறி இரவைக் கழித்த செய்தி நாட்டையே உலுக்கிற்று. அரசு அதே 2020-இல் ஜெண்டேலா என்னும் தொலைத்தொடர்புத் திட்டத்தை அறிவித்தது; 2021 இறுதியில் மூன்றாம் தலைமுறைச் சேவை நாடெங்கும் நிறுத்தப்பட்டு நான்காம் தலைமுறைச் சேவை விரிவாக்கப்பட்டது. முன்னேற்றம் உண்டு. ஆயினும் ஊர் நடுவில் கிடைக்கும் தொடர்பைக் கொண்டு லயத்துக் கடைசி வீட்டை அளக்கலாகாது.

இரண்டாம் தடை வீட்டின் அமைப்பு. தகரக் கூரைமேல் மலைமழை இறங்கும்போது இயங்கலைக் கூட்டத்தில் ஒருவர் சொல்வது மற்றவர் காதில் விழாது. இரண்டு அறை வீட்டில் ஒரே மேசை; அதில் காலையில் தம்பியின் பள்ளிப் பாடம், மாலையில் அம்மாவின் காய்கறி அரிதல். ஓயாத ஈரக்காற்றில் புத்தகம் பூசணம் பிடிக்கும் ஊரில் மடிக்கணினி எம்மாத்திரம்?

மூன்றாம் தடை சற்று நுட்பமானது. வேலை என்றால் வெளியே செல்வது என்பது தோட்டத்தாரின் நெடுநாள் அறிவு. விடியுமுன் பெரட்டுக்குச் சென்று பெயர் கொடுத்தவரே வேலைக்காரர். வீட்டில் திரைமுன் அமர்ந்திருப்பவர் வேலை செய்வதாக எவர் கண்ணுக்கும் படுவதில்லை. நாம் அறிந்த ஓர் இல்லத்தில் கணக்கியல் படித்த மகள் திரும்பி வந்து, ஒரு நிறுவனத்தின் கணக்குகளை வீட்டிலிருந்தே பார்த்து வந்தாள். 'பிள்ளை வேலையில்லாமல் வந்துவிட்டதே' என்று அண்டை வீட்டுப் பாட்டி பரிந்து, கூட்டம் நடந்துகொண்டிருந்தபோதே உள்ளே வந்து ஆறுதல் சொன்னாராம். மகள் ஒலிவாங்கியை அடைத்துவிட்டு, "வேலைதான் பாட்டி பார்க்கிறேன்" என்றாளாம். "சரி ஆயா, பாரு" என்று சொல்லிப் பாட்டி அருகிலேயே அமர்ந்துகொண்டாராம். இதில் சிரிப்பும் உண்டு. ஊரார் பழக வேண்டிய ஒரு புதிய பழக்கமும் உண்டு.

ஆனால் அவளைத் திரும்பவும் இறங்கச் செய்தது அலைவரிசையும் அன்று, மழையும் அன்று, பாட்டியும் அன்று. அடுத்த ஆண்டில் தந்தையார் ஓய்வு பெற்றார். வீடு திரும்பக் கேட்கப்பட்டது. வேலை மகளின் மடியில் இருந்தது. வீடோ தந்தையின் வேலையில் இருந்தது. குடும்பமே ஈப்போவுக்கு இறங்கிற்று. அவள் அதே நிறுவனத்துக்கு இன்றும் வேலை செய்கிறாள், மலைக்குக் கீழிருந்து.

கமியாமா தரும் பாடம்

இத்தகைய வாழ்வுக்கு உலகில் பலரும் சுட்டும் ஊர் ஒன்று உண்டு. ஜப்பானின் ஷிக்கொக்குத் தீவில், தொக்குஷிமா மாநிலத்து மலைநடுவே கமியாமா என்னும் சிற்றூர். 1955-இல் ஐந்து ஊர்கள் இணைந்து அது உருவானபோது இருபதாயிரத்தை ஒட்டிய மக்கள் இருந்தனர். இன்று ஐயாயிரத்தை ஒட்டியோரே. அவர்களிலும் முதியோர் மிகுதி. மரத்தொழில் தாழ்ந்தது, இளையோர் ஒசாக்காவுக்கும் தோக்கியோவுக்கும் சென்றனர். ஜப்பான் நாடெங்கும் இதே நிலைதான். 2023-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அந்நாட்டில் ஏறத்தாழ 90 இலட்சம் வீடுகள் ஆளின்றிக் கிடந்தன.

கமியாமாவுக்கு எதிர்பாராத ஒரு நலம் வாய்த்தது. ஒசாக்காவிலிருந்து காற்றில் வந்த தொலைக்காட்சி ஒளிபரப்பு, இலக்கமுறைக்கு மாறும்போது நின்றுவிடும் என்று அஞ்சி அம்மாநிலம் ஊர்தோறும் கண்ணாடியிழைக் கம்பி இழுத்தது. தொலைக்காட்சிக்காக வந்த கம்பி வழியே வேலையும் வந்தது. 2010-இல் தோக்கியோவைச் சேர்ந்த சான்சான் என்னும் நிறுவனம் அங்கே ஒரு பழைய வீட்டைத் தன் கிளை அலுவலகம் ஆக்கிற்று. வேறு நிறுவனங்களும் தொடர்ந்தன.

கம்பியோடு கதை முடிந்திருந்தால் அது வெறும் தொழில்நுட்பச் செய்தி. அவ்வூரில் சின்யா ஓமினாமி முதலியோர் 'கிரீன் வேலி' என்னும் ஊர்ச் சங்கத்தை நெடுங்காலமாக நடத்தி வந்தனர். 1999 முதல் ஆண்டுதோறும் கலைஞர்களை வரவழைத்து ஊரில் தங்கவைத்தனர். பின்னர் வெற்று வீடுகளைக் கணக்கெடுத்தனர். 'இந்த வீட்டுக்கு ஒரு ரொட்டி சுடுபவர் வேண்டும், அந்த வீட்டுக்கு ஒரு வடிவமைப்பாளர் வேண்டும்' என்று ஊருக்குத் தேவையான தொழிலைச் சொல்லி ஆள் அழைத்தனர். மக்கள் தொகை குறைவதைத் தடுக்க முடியாது. ஆனால் யார் யார் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதைத் திட்டமிட முடியும் என்பது அவர்கள் கொள்கை. 2023-இல் அங்கே ஐந்தாண்டுத் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தொடங்கப்பட்டது; இளையோர் படிக்க வருகின்றனர்.

இதைக் கேட்டதும் 'நாமும் கமியாமா ஆவோம்' என்று கைதட்டத் தோன்றும். சற்றுப் பொறுப்போம். கமியாமாவில் வீடு இருந்தது; ஆள் இல்லை. கம்போங் ராஜாவில் ஆள் உண்டு, வீடு இல்லை. இங்கே திரும்பி வர விரும்பும் பிள்ளைகள் இருக்கிறார்கள். வெற்று வீடுகள் கிடையா. தோட்ட வீடு தோட்டத் தொழிலாளர்க்கு. ஊர்ப்புறத்து அறைகளுக்கோ பண்ணைத் தொழிலாளர் ஒருபுறம், குளிர்தேடி வரும் சுற்றுலாப் பயணிகள் ஒருபுறம் போட்டி. வார இறுதிக்கு ஓர் அறையை விடுபவர்க்கு மாதக் குடியிருப்பாளரை ஏற்க மனம் வருவதில்லை. ஆகவே அவர்கள் முடித்த இடத்தில் நாம் தொடங்க இயலாது. நமக்குரிய முதல் வினா கம்பியைப் பற்றியது அன்று, கதவைப் பற்றியது.

தென்காசியும் நம் நாட்டுச் சட்டமும்

தமிழகத்தில் வேறொரு வழி காணப்பட்டது. 2011-இல் சோகோ நிறுவனம் தென்காசிக்கு அருகே மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் மத்தளம்பாறை என்னும் சிற்றூரில் அலுவலகம் திறந்தது. நிறுவனர் ஸ்ரீதர் வேம்பு பின்னர் அப்பகுதியிலேயே குடியேறினார். பள்ளிக் கல்வி முடித்த இளையோர்க்கு நிறுவனமே பயிற்சி தந்து மென்பொருள் வேலையில் அமர்த்தும் முறையை அது முன்பே நடத்தி வந்தது. இதில் கவனிக்கத்தக்கது ஒன்று. அங்கே ஒவ்வொருவரும் தத்தம் வீட்டு மேசையில் தனித்து அமரவில்லை. ஊருக்குள் ஒரு பொது இடம் எழுந்தது. வேலையைத் தன் மொழிக்காரரிடமே கேட்டுக் கற்கும் வாய்ப்பு அதனால் பெருகும். வீட்டில் மேசை இல்லாதவர்க்கும் மேசை கிடைக்கும்.

நம் நாட்டு நிலையையும் பார்ப்போம். 2022-இல் மலேசியா 'டி.இ. ரந்தாவ்' என்னும் திட்டத்தைத் தொடங்கி, இலக்கமுறைத் தொழில் செய்யும் அயல்நாட்டார் இங்கே தங்கி வேலை செய்ய அனுமதி வழங்கி வருகிறது. ஜப்பானும் 2024-இல் இத்தகைய விசாவைத் தொடங்கிற்று. அயலார் நம் மலைக்கு வந்து மடிக்கணினியைத் திறக்க வழி செய்வது நல்லதே. அதே மலையில் பிறந்தவர்க்கும் வழி திறக்க வேண்டும் என்று கேட்பது பேராசை ஆகாது.

சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்திருக்கிறது. 2023 சனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த வேலைவாய்ப்புச் சட்டத் திருத்தத்தின்படி, தொழிலாளர் ஒருவர் வேலை நேரத்தையோ நாளையோ இடத்தையோ மாற்றித் தருமாறு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி அறுபது நாளுக்குள் எழுத்து மூலம் விடை தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். இது உரிமை அன்று; கேட்கும் உரிமை மட்டுமே. ஆயினும் கேட்கத் தெரிந்தவர்க்கே அது பயன்படும். மாணவர்கள் இதனை அறிந்து வைப்பது நன்று.

வீட்டைப் பொறுத்தவரை, தொழிலாளர் குடியிருப்பின் குறைந்தபட்சத் தரத்தை வரையறுக்கும் 1990-ஆம் ஆண்டுச் சட்டம் உண்டு. அது தொழிலாளரின் வீடு எவ்வாறு இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஆனால் ஓய்வு பெற்றபின் அவர் எங்கே வாழ்வார் என்பதற்குச் சொந்த வீட்டுத் திட்டமே விடை. தோட்டத் தொழிலாளர்க்குச் சொந்த வீடு வேண்டும் என்பது பழைய கோரிக்கை. நன்றிக்கடனாகவும் முதியோர் நலனாகவுமே இதுவரை அதனைப் பேசி வந்தோம். இன்று அதற்கு மற்றொரு காரணமும் சேர்ந்துள்ளது: பெற்றோர்க்கு மலையில் சொந்த வீடு இருந்தால் பிள்ளைக்கு மலையில் வேலை இருக்க முடியும். முப்பது ஆண்டுக்கு முன் இவ்வாறு சொல்லியிருக்க இயலாது.

கூடையும் திரையும்

புகழ்ச்சியோடு நிறுத்திவிடுவது ஆசிரியர் அவைக்கு அழகன்று. தொலைப்பணியின் குறைகளையும் சொல்ல வேண்டும். கொழுந்தை நிறுத்துக் கூலி தந்த முறையை நம் பெற்றோர் அறிவர்; எடை குறைந்தால் கூலி குறையும். இன்று திரைமுன் உழைப்போரில் சிலருக்கும் எண்ணிக்கைக் கூலிதான். முடித்த பணிகள் எண்ணப்படுகின்றன. விசைப்பலகை ஓய்ந்த நிமிடங்களும் எண்ணப்படுகின்றன. நிறுவை செய்பவர் முன்பு எதிரே நின்றார், முறையிடலாம், வாதாடலாம். இன்று அவர் எந்த ஊரில் இருக்கிறார் என்பதே தெரியாது. தோட்டத்தில் அனைவர்க்கும் ஒரே நேரத்தில் ஒரே குறை என்பதால் சேர்ந்து கேட்க முடிந்தது. திரைமுன் அமர்ந்தவர் தனியர்.

மேலும் எல்லா வேலையும் மலையேறாது. செவிலியர், தச்சர், ஓட்டுநர், ஆசிரியர் எவரும் கம்பி வழியே வர முடியாது. நிறுவனம் நினைத்தால் 'அடுத்த மாதம் முதல் அலுவலகம் வா' என்று அழைக்கலாம். எனவே ஊரின் எதிர்காலம் முழுவதையும் இதன்மேல் ஏற்றுவது அறிவுடைமை ஆகாது. ஒரு வகுப்பில் ஆறு பிள்ளைகள் என்றிருந்தது ஒன்பது ஆகுமாயின் அதுவே நாம் எதிர்பார்க்கத்தக்க பயன். ஆறுக்கும் ஒன்பதுக்கும் உள்ள வேறுபாட்டைத் தலைமையாசிரியரைக் கேட்டால் சொல்வார்.

பள்ளி செய்யத்தக்கவை

இறுதியாக, இந்த அவையால் இயலும் மூன்று செயல்களைச் சொல்லி அமைகிறோம்.

முதலாவது, எழுத்துப் பயிற்சி. தொலைப்பணி பெரும்பாலும் எழுத்துப்பணி. எதிரே நின்று கைகாட்டி விளக்க முடியாது, முகக்குறிப்பு உதவாது. செய்ததையும், செய்யவிருப்பதையும், ஏற்பட்ட சிக்கலையும் நான்கு வரியில் பிறழாமல் எழுதத் தெரிந்தவரே தொலைவிலிருந்து நம்பப்படுவார். தமிழாசிரியர்கள் கற்பிக்கும் தொகுத்து எழுதுதலும் கருத்துணர்தலும் தேர்வோடு முடிவன அல்ல. தாய்மொழியில் ஒரு செய்தியை வரிசைப்படுத்தக் கற்ற மாணவர் அவ்வொழுங்கை மலாயிலும் ஆங்கிலத்திலும் கொண்டு செல்வார். வேலை பிறமொழியில் நடக்கும் என்பது உண்மை. அதைச் செய்யும் சிந்தனையின் கட்டுக்கோப்பைத் தமிழ் வகுப்பு தரலாம். 'பனி'க்கும் 'பணி'க்கும் வேறுபாடு தெரியாமல் பனிமலையில் பணி செய்ய முடியாது என்று நம் ஆசிரியர் ஒருவர் கடிந்துகொள்வார். அவர் எண்ணியதைவிட அது பெரிய உண்மை.

இரண்டாவது, இடம். மாலையில் பூட்டப்படும் ஓர் அறை, ஒரு மண்டபம், கோயிலின் ஒரு கூடம் எங்கேனும் இருக்கும். நல்ல இணைய இணைப்பு, ஆறு மேசை, மழையொலி தடுக்கும் ஓர் உட்கூரை போதும். பகலில் திரும்பி வந்த இளையோர் அங்கே வேலை பார்க்கட்டும். மாலையில் மாணவர் அங்கே படிக்கட்டும். மூத்தோர் என்ன வேலை செய்கிறார் என்பதை இளையோர் கண்ணால் காண்பது எந்த வழிகாட்டி உரையினும் மேல். பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கோயில் நிருவாகமும் அமர்ந்து பேசினால் ஆகாத செயல் அன்று.

மூன்றாவது, கணக்கெடுப்பு. இதை மாணவர்களிடம் ஒப்படைக்கிறோம். உங்கள் லயத்திலும் தெருவிலும் எத்தனை வீடு? எத்தனை வீட்டில் அலைவரிசை கிடைக்கிறது, எந்த அறையில், எந்த வேளையில்? மலையை விட்டு இறங்கிய அண்ணன்மார் அக்காமார் எத்தனை பேர்? அவர்கள் வேலையில் எவை மலையேறக் கூடியவை? யார் யார்க்குத் திரும்பும் எண்ணம் உண்டு? எந்தெந்தக் குடும்பம் எந்த ஆண்டில் வீட்டைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்? விடுப்பு நாளில் கேட்டு எழுதுங்கள்; வீட்டார் இசைவோடு மட்டும் எழுதுங்கள். வெற்று வீடுகளை எண்ணியதிலிருந்தே கமியாமா தன் வழியைக் கண்டது. நாம் திரும்பக்கூடிய மனிதரை எண்ணுவோம். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தில் வீடு கேட்பது வேறு. வெறுங்கையோடு கேட்பது வேறு.

அன்பர்களே, நம் முன்னோரை வேலை அழைத்தது. அவர்கள் கடல் கடந்து மலையேறி வந்தனர். நம் தலைமுறையை வேலை அழைத்தது. நாம் மலையிறங்கிச் சென்றோம். அடுத்த தலைமுறைக்கு வேலை தானே மலையேறி வரக் காத்திருக்கிறது. வரும்போது கதவைத் தட்ட ஒரு வீடு வேண்டும். அந்த வீட்டில் தமிழ் பேசும் ஒரு பிள்ளை வேண்டும். அந்தப் பிள்ளை நடந்து செல்லும் தொலைவில் ஒரு பள்ளி வேண்டும். நாம் லாரியின் பின்புறம் அமர்ந்து திரும்பிப் பார்த்த வீட்டில் இன்று வேறு யாரோ வாழ்கிறார்கள், நலமாக வாழட்டும். இனி ஒரு பிள்ளை அவ்வாறு திரும்பிப் பார்க்க நேராதிருக்கும் பொருட்டே இத்துணையும் சொன்னோம்.